தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு புள்ளி இரண்டு லிட்டர்

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.10க்குக் குழாயில் தண்ணீர் வந்தது, 5.50 வரை வந்தது. பின்கட்டுத் தொட்டி நிறைய நான்கு விரல் மிச்சம் இருந்தபோது நின்றுவிட்டது. 6.00க்கு அம்மாவின் வலது கண்ணில் ஒரு சொட்டு மருந்து, ஐந்து நிமிடம் கழித்து இடது கண்ணில் ஒரு சொட்டு. 6.15க்குக் காப்பி. 7.00க்கு வேத வாசிப்பு. நான் வாசித்தேன், அவள் கேட்டாள். ஒரு வசனத்தைத் தாண்டிவிட்டேன் என்று திரும்ப வாசிக்கச் சொன்னாள். நான் தாண்டவில்லை. இருந்தாலும் திரும்ப வாசித்தேன். 8.20க்கு இட்லி, அவளுக்கு இரண்டு, எனக்கு மூன்று. 9.00 முதல் 10.30 வரை துணி துவைத்தேன். 10.40க்கு நீங்கள் அனுப்பிய பக்கம் என் கைபேசிக்கு வந்தது.

பள்ளிக்கூட நினைவு மலரில் அம்மாவைப் பற்றி, என்னோடு படித்த நீங்கள் சேர்ந்து எழுதியிருக்கும் அரைப் பக்கத்தைச் சொல்கிறேன். தவறிருந்தால் திருத்தி அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள். அன்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஐந்தாவது வரி இப்படி இருக்கிறது: ‘நமக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சர், அதன் பிறகு சிறு குழந்தைகள்மேல் கொண்ட அன்பினால் தாமாகவே மூன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்கி, ஓய்வு பெறும்வரை அங்கேயே கற்பித்தார்.’

அம்மாவுக்கு வயது எண்பத்தைந்து. கண் மங்கல், காது மங்கல் இல்லை. பக்கம் முழுவதையும் படித்துக் காட்டினேன். யார் எழுதியது என்று கேட்டாள். உங்களைச் சொன்னேன்.

“அளக்காம எழுதிருக்காங்க,” என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வரியை அடிக்க வேண்டும். ஏன் என்று சொல்லாமல் அடித்தால் வேறு எதையாவது நினைப்பீர்கள். ஆகையால் நமக்குப் பதின்மூன்று வயதான அந்த மழைக்காலத்தை எழுதுகிறேன். அதில் உங்களில் ஒருவருக்கும் பங்கு உண்டு. யார் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஒருவர்மேல் சந்தேகம் உண்டு; அதை இங்கே எழுதப் போவதில்லை.

பாளையங்கோட்டையில் இப்போது நாங்கள் இருவரும் இருக்கும் இதே வீடுதான். அப்போது நான்கு பேர்: அப்பா, அம்மா, அத்தை, நான். அத்தை அப்பாவுக்கு அக்காள். இளவயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். தாத்தா இறக்கும்போது வீட்டை இருவர் பேருக்கும் பொதுவாக வைத்துவிட்டுப் போனார். வீட்டுப் பத்திரம் அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. வீட்டில் யார் எந்தக் கதவைச் சாத்தினாலும் அவளுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்துவிடும்.

அப்பா அலுவலகத்திலிருந்து முந்தைய வருடத்து டயரி ஒன்றைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்திருந்தார். தவிட்டு நிற ரெக்ஸின் அட்டை, நான்கு மூலைகளிலும் பித்தளைத் தகடு. ஒவ்வொரு பக்கத்திலும் கிழமையை அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டேன். எத்தனை மணிக்கு மழை தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது, கோழி எத்தனை முட்டை இட்டது என்றுதான் எழுதுவேன்.

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் மழை. ஆற்றில் செம்மண் வெள்ளம் போனது. வண்ணார்பேட்டைப் பாலத்தில் ஆட்கள் குடைபிடித்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்குள் எப்போதும் ஈரக் குடையின் வாடை. அப்படி ஒரு திங்கட்கிழமை மாலை, மழை விட்டிருந்த நேரத்தில், அம்மா கிணற்றடியிலிருந்து பின்சுவர்வரை ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்தாள். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள். அளந்ததை எங்கும் எழுதவில்லை. வாய்க்குள் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

நான் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்று அத்தையும் பார்த்தாள்.

“ஏட்டி, ஒங்க அம்மை செவர அளக்கா, பாத்தியா?” என்றாள் அத்தை. “ஒரு மருமவ எதுக்குச் செவர அளப்பா? பாகம் பிரிக்கப் போறா. இல்லன்னா தனியா வீடு பாத்துட்டுப் போகப் போறா. நீதான் பொழுதன்னைக்கும் எழுதுதியே. இதையும் எழுதி வையி. என்னைக்கு, எத்தன மணிக்கு, எங்கன. ஒண்ணு விடாத.”

அத்தையின் சந்தேகம் வீட்டைப் பற்றியது. என்னுடையது வேறு. தனியாகப் போகிறாள் என்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போவாளா மாட்டாளா என்பது. அதை யாரிடமும் கேட்கவில்லை. எழுதத் தொடங்கினேன்.

புதன்கிழமை காலை 6.25: அம்மா தையல் டேப்பை எடுத்துப் பின்கட்டுத் தொட்டியை உள்பக்கமாக அளந்தாள். தொட்டி காலியாக இருந்தது. கழுவுவதற்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள். அவள் குளிக்கப் போனதும் அதே டேப்பால் நானும் அளந்தேன். நீளம் 138 சென்டிமீட்டர், அகலம் 92, உயரம் 75. மூன்றையும் பெருக்கிப் பார்த்தேன். தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு புள்ளி இரண்டு லிட்டர். அதையும் எழுதினேன். எதற்காகத் தொட்டியை அளந்தாள் என்பதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டேன்.

சனிக்கிழமை மாலை 3.10: சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் ஏறினாள். அத்தையிடம் சீவலப்பேரி வரைக்கும் போய்விட்டு வருவதாக மட்டும் சொன்னாள். 4.50க்குத் திரும்பினாள். அவள் கழற்றிப் போட்ட செருப்பை அத்தை குனிந்து பார்த்தாள். ஒரு பொட்டுச் சேறு இல்லை. அந்த மழையில், வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் ஊரில் இறங்கி நடந்தவளின் செருப்பு அப்படி இருக்காது. கண்டக்டரின் மகள் நம் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள், உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். டீச்சர் பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை என்றும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார் என்றும் அவள் அப்பா சொன்னதாகத் திங்கட்கிழமை என்னிடம் சொன்னாள். அதையும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை 7.40: கிறிஸ்மஸ் அச்சுமுறுக்குக்காக ஊறப்போட்டிருந்த அரிசியை வடிகட்டித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் எடை போட்டுத் திரும்பக் கொண்டுவந்தாள். ஊறப்போடும் முன்பும் எடை போட்டிருந்தாள். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஊறின அரிசிய எவளாவது எடை போடுவாளாவே?” என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி ஒரு நிமிடம் நின்றது.

அன்று மாலை குடும்ப ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா கேட்டுவிட்டார். சனிக்கிழமை சீவலப்பேரிக்குப் போனாயாமே, அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். அவள் பார்த்த விதத்தில் என் டயரி அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“ஒரு வேலையாப் போனேன்,” என்றாள். “இன்னும் எட்டு நாள் கழிச்சுச் சொல்லுதேன்.”

“எட்டு நாளா?” என்றாள் அத்தை, ரசத்தை ஊற்றிக்கொண்டே. “பத்திரம் எழுதி முடிக்க அம்புட்டு நாள் ஆகுமோ?”

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் ஒளிக்கிறாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றியது. அது உண்மைதான். அவள் ஒளித்தது என்னிடமிருந்து மட்டுமே என்பது அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த எட்டு நாளும் வீட்டில் பேச்சு குறைந்தது. அத்தை டிரங்குப் பெட்டியைத் தன் கட்டிலுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்பா ‘பையப் பேசு’ என்று எதற்கெடுத்தாலும் அத்தையை அடக்கினார். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஜெபத்தில் அவரவர் முறைக்கு வசனம் சொல்லும்போது அத்தை எப்போதும் மறைவானவை வெளியாகும் வசனமாகப் பார்த்துச் சொன்னாள். அம்மா மாலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ எழுதினாள். கதவிடுக்கில் மெழுகும், நகப்பூச்சு போன்ற ஏதோ ஒன்றும் சேர்ந்த வாடை வந்தது. அதையும் மணி போட்டு எழுதினேன். அது ஸ்டென்சில் தாளின் வாடையும் அதில் பிழை திருத்தும் சிவப்புத் திரவத்தின் வாடையும் என்று எனக்குத் தெரியாது. காலாண்டுத் தேர்வுக்கு நமக்குக் கேள்வி எடுத்தது வேறு டீச்சர். அரையாண்டு அம்மாவின் முறை. இதை மட்டும் நான் டயரியில் எழுதியிருக்கவில்லை.

புதன்கிழமை கணக்குப் பரீட்சை. சைக்ளோஸ்டைல் மை காயாத தாள். கை வைத்த இடமெல்லாம் கறுப்பு ஒட்டியது. ஐந்தாவது கேள்வி: ஒரு வீட்டின் கிணற்றடியிலிருந்து பின்சுவர்வரை உள்ள நீளம். அதை இரண்டு முறை படித்தேன். ஏழாவது கேள்வி: 138, 92, 75 அளவுள்ள தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும். என் டயரியை யாரோ அச்சடித்துக் கொடுத்ததுபோல் இருந்தது. எட்டாவது கேள்வியில் சீவலப்பேரி பஸ் 3.10க்குப் புறப்பட்டது. அந்த வரியைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். சத்தமாகத்தான். மேற்பார்வைக்கு நின்ற அறிவியல் டீச்சர் திரும்பிப் பார்த்தார். அம்மா எங்கேயும் போகப் போவதில்லை. பஸ்ஸில் இருந்து இறங்காததும் அரிசியை எடைபோட்டதும் எல்லாம் நமக்காக. இத்தனை நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தொட்டிக் கணக்குக்கு வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினேன். தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு புள்ளி இரண்டு லிட்டர். எனக்குத்தான் தெரியுமே.

அந்தக் கேள்விகளின் விடை முழு எண்ணாக வரவில்லை என்று நீங்கள் எல்லோரும் திட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தொட்டி அந்த அளவில்தான் இருந்தது.

மதியம், மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டுக்குக் கீழே, உங்களில் ஐந்து பேரிடம் நான் சொன்ன வார்த்தைகள் இவைதான்: “எனக்கு எல்லாக் கேள்வியும் முன்னாலேயே தெரியும். என் டயரியில எழுதி வச்சிருக்கேன்.” அதை நான் பெருமையாகச் சொன்னேன். எப்படித் தெரியும் என்பதைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. ஐந்து பேரில் ஒருவர் வீட்டில் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது பெரிய டீச்சரின் மேசைக்குப் போய்விட்டது. தலைமை ஆசிரியையை நாம் அப்படித்தான் சொல்வோம்.

புதன் மாலை வீட்டில் நல்ல மாலையாக இருந்தது. ஜெபம் முடிந்ததும் அம்மா தானாகவே சொன்னாள். நடக்காத ஒன்றைக் கணக்கில் எழுதினாலும் அது பொய்தானே, அதனால் எல்லாவற்றையும் அளந்துதான் எழுதுவேன், இத்தனை நாள் பிள்ளை பக்கத்தில் இருந்ததால் சொல்ல முடியவில்லை என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அளந்ததெல்லாம் பரீட்சைக்கா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, கோழிக்கூட்டைச் சாத்தப் போனாள். என் டயரியைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளி மாலை 4.15க்குப் பெரிய டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்து வழக்கப்படி ஆசிரியையின் சொந்த மகளின் தாளை வேறு டீச்சர்தான் திருத்துவார். என் தாளைத் திருத்திய அறிவியல் டீச்சர், வழிமுறை இல்லாத விடையையும் நான் சிரித்ததையும் சொல்லியிருந்தார். அம்மா 4.50க்கு வெளியே வந்தாள். தூறல் இருந்தும் குடையை விரிக்கவில்லை. வீடுவரை பன்னிரண்டு நிமிடம் நனைந்தபடி நடந்தோம். வாசலில் நின்று, “அந்த டயரியக் கொண்டா,” என்றாள்.

அடுக்களை ஜன்னல் வெளிச்சத்தில் நின்றபடி படித்தாள். அவளைப் பற்றி எழுதியிருந்த பதினான்கு பக்கம். கடைசிவரை போய்விட்டுத் திரும்ப அதன் முதல் பக்கத்துக்கு வந்து அதிலேயே வெகுநேரம் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கி வரச் சொன்னாள்.

வாங்கிக்கொண்டு வந்தபோது பின்கட்டு வெந்நீர் அடுப்பிலிருந்து ரெக்ஸின் கருகும் நாற்றம் வந்துகொண்டிருந்தது. அடுக்களை மாடத்தில் ஏற்கெனவே ஒரு தீப்பெட்டி இருந்தது. குலுக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் குச்சிகள் இருந்தன. தீப்பெட்டி இல்லை என்று அவள் சொல்லவில்லை. வாங்கி வா என்றுதான் சொன்னாள். மறுநாள் சாம்பலில் பித்தளை மூலைத் தகடு ஒன்று கிடைத்தது. வெகுநாள் வைத்திருந்தேன். கல்லூரி நாளில் விடுதி மாறும்போது தொலைந்துவிட்டது.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் டயரியைக் கேட்டார். கூட இருந்த ஆயா பிற்பாடு என்னிடம் சொன்னாள்: “ஒங்க அம்மா ‘இல்ல’ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, பாத்துக்கோ. வேற ஒண்ணும் பேசல.”

அது பொய்யில்லை. அப்போது அது இல்லை. ஆனால் பெரிய டீச்சருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது: அம்மாவே மகளுக்குக் கேள்விகளைச் சொல்லிவிட்டு மறைக்கிறாள். நம் வகுப்பு முழுவதற்கும் மறுபரீட்சை வைத்தார்கள். அதற்கும் அம்மாதான் கேள்வி எடுக்க வேண்டும் என்றார்கள். அது ஒரு தண்டனைபோல. பாடப்புத்தகத்தின் கடைசியில் உள்ள கணக்குகளில் எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்தாள். ராமன் மாம்பழம் வாங்கினான். ஒரு கப்பலில் நூறு பேர் போனார்கள். நான் நூற்றுக்கு எழுபத்தொன்று. ஜனவரியில் அம்மாவை மூன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை, பதினேழு வருடம், அங்கேயே இருந்தாள். அவள் கேட்டு வாங்கவில்லை. நமக்குப் பிறகு எட்டாம் வகுப்பில் அவளிடம் கணக்குப் படித்தவர்கள் யாரும் இல்லை.

அந்தப் பதினேழு வருடமும் மூன்றாம் வகுப்புக்கு அவள் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தையல் டேப்பை அவள் தையலுக்கு அல்லாமல் வேறு எதற்கும் எடுத்து நான் பார்க்கவில்லை. பீரோவைப் பூட்டத் தொடங்கினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். கடிதம் எழுதினால் நான் வந்ததும் தாளைக் கவிழ்த்து வைப்பாள். நான் களவாகக் கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு, அதை மறைக்க டயரியைச் சோடித்தேன் என்று அவள் சந்தேகப்படுவதாக நான் சந்தேகப்பட்டேன். நாற்பத்து நான்கு வருடம். அதற்குப் பிறகு நான் எழுதிய டயரிகள் எல்லாம் வரிசையாக அலமாரியில் இருக்கின்றன. அந்த ஒன்று மட்டும் இல்லை.

அத்தை கடைசி ஆறு வருடம் படுக்கையில் கிடந்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். தன்னைச் சீக்கிரம் அனுப்பக் கஞ்சியில் ஏதோ கலக்கிறார்கள் என்று அத்தை சொல்லத் தொடங்கினாள். அதனால் அம்மா ஒவ்வொரு வேளையும் முதல் கரண்டியை அவள் கண்முன்னே தான் குடித்துக் காட்டிவிட்டுத்தான் ஊட்டுவாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆறு வருடம். நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். மாமியார் வீட்டுக் கடமை என்று நினைத்தேன்.

இனி ஆகஸ்ட் 9 மதியம் நடந்தது. அம்மா தூங்கி எழுந்து மோர் குடித்தாள். மணி 3.20. உங்கள் ஐந்தாவது வரியைத் திருத்தப் போவதாகச் சொன்னேன். எப்படித் திருத்துவாய் என்றாள். நடந்ததை எழுதுவேன் என்றேன். அப்படியே கேட்டுவிட்டேன்.

“ஏம்மா, அந்த டயரிய ஏன் எரிச்சே? அதக் காட்டியிருந்தா ஒம்மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சிருக்குமே. தேதி, மணி, எல்லாம் இருந்துச்சே.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“மொத பக்கத்துல நீ என்ன எழுதிருந்தேன்னு ஞாபகம் இருக்கா?”

இல்லை என்றேன். எனக்குச் சுவரும் தொட்டியும் பஸ்ஸும்தான் ஞாபகம்.

“எனக்கு இருக்கு. ‘அத்தை பார்க்கச் சொன்னாள். அம்மா என்னை விட்டுவிட்டுப் போகப் போகிறாளா என்று தெரிய வேண்டும்.’ அதுக்குக் கீழதான் செவரு, தொட்டி எல்லாம். அதக் கொண்டு போயி பெரிய டீச்சர் மேசையில வைக்கச் சொல்லுதியா? ஒங்க அத்தை அதுக்கப்புறம் சபையில தலை காட்ட முடியுமா? பெத்தவள வேவு பாத்த பிள்ளைன்னு ஒன்ன அந்த வகுப்புல உக்கார விட்டிருப்பாளுகளா?”

அம்மாவுக்கு அத்தையைப் பற்றி அன்றிலிருந்தே தெரியும். அந்த ஆறு வருடத்துக் கஞ்சியும் தெரிந்தே ஊட்டியது.

“அத்தைகிட்ட நீ சொன்னதே இல்லையா?”

“கேட்டா சொல்லிருப்பேன். கேக்கல.”

“எங்கிட்டயும் சொல்லல.”

“நீயும் இன்னைக்குத்தான கேக்க.”

 களவாகக் கேள்வித்தாளைப் பார்த்தேன் என்று என்மேல் சந்தேகம் இருந்ததா என்று கேட்டேன். அதற்கு அவள் சிரித்தாள். பல் கட்டாத வாய்ச் சிரிப்பு.

“தொட்டிக்கு விடை போட்டுப் பாத்திருந்தியே, கேள்விக்குறியோட. திருடினவ கேள்விக்குறி போடுவாளா? ஒம்மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் எத அளக்கப் போனாலும் பின்னால ஒரு ஆளு நிக்க மாதிரியே இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்.”

அந்த ஆள் நான்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது.

நான் நோட்டை எடுத்ததைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

“இதையும் எழுதப் போறியா?”

“ஆமா.”

“எழுது. ஆனா எல்லாத்தையும் அளந்து எழுது. தொட்டி எவ்வளவுன்னு போட்டிருக்கே?”

சொன்னேன். இப்போது அந்த அளவு இருக்காது என்றாள். எழுதியதை மாற்ற மாட்டேன், அன்று அப்படித்தான் இருந்தது என்றேன். இருவரும் கொஞ்சம் கோபமாகவே பேசினோம். மற்றபடி 6.30க்கு விளக்கு, 7.00க்கு ஜெபம், 7.45க்கு அவளுக்கு இடியாப்பம் இரண்டு. 9.00க்குப் படுத்தோம். உங்கள் பக்கத்தில் ஐந்தாவது வரியை அடித்துவிட்டு, அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று தெரியாமல் இடம் விட்டு வைத்தேன்.

மறுநாள், ஞாயிறு. நான் 4.50க்கு எழுந்தபோது அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. பின்கட்டில் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் முழுவதும் வாழைக்குப் போய்ச் சேரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் தையல் டேப். ஞாயிற்றுக்கிழமை இந்த வேலை எதற்கு, கோவில் ஆராதனைக்குப் போக வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“பின்னால நிக்காத,” என்றாள். “முன்னால வந்து அந்த நுனியப் பிடி.”

முன்னால் போய்ப் பிடித்தேன். அவளுக்கு எண் தெரியவில்லை. நான் படித்துச் சொன்னேன். நீளம் 136. அகலம் 90. உயரம் 74. இரண்டு முறை அளக்கச் சொன்னாள். இரண்டு முறையும் அதேதான். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். மலரில் ஐந்தாவது வரி இருந்த இடத்தில் இதைப் போடச் சொல்கிறாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்:

ஒரு வீட்டுத் தொட்டியின் நீளம் 138 செ.மீ., அகலம் 92 செ.மீ., உயரம் 75 செ.மீ. நாற்பத்து நான்கு ஆண்டுகளில் பல முறை உள்ளே சிமெண்டு பூசியதில் சுவர் நான்கும் தரையும் ஒவ்வொரு சென்டிமீட்டர் தடித்துவிட்டன. தொட்டி இப்போது முன்னைவிட எத்தனை லிட்டர் குறைவாகப் பிடிக்கும்? வழிமுறையுடன் எழுதுக.